ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில்தான், அப்புறமும் ஏன் பிள்ளைகள் போகிறார்கள்?

அடிபம்பு எழுதியது:

நாலு வருஷமாக மனதில் கிடக்கிற ஒரு விஷயம், இன்றைக்கு எழுதிவிடுகிறேன். நான் இருப்பது சென்னைக்குத் தெற்கே, ஓஎம்ஆரை ஒட்டிய ஒரு குடியிருப்பு. ஆற்றங்கரை வீடுகளை இடித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்களே, அந்த மாதிரி அடுக்குமாடி. எங்கள் பிளாக்கில் மூன்றாவது மாடியில் ஒரு குடும்பம். அப்பா மூட்டை தூக்குகிறவர், அம்மா ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். நாலாவது படிக்கிற பெண் ஒன்று, ஒன்பது மாதப் பையன் ஒன்று.

சனிக்கிழமை மத்தியானம் பையனுக்குப் பேதி ஆரம்பித்தது. பல் முளைக்கிற பேதி, தானாக நிற்கும் என்றார் பாட்டி. ராத்திரி எட்டு மணிக்கு வேலையிலிருந்து வந்த அம்மா மெடிக்கலுக்கு ஓடினாள். அங்கே ஒரு சிரப்பும், ஓஆர்எஸ் (பேதிக்குக் கொடுக்கிற உப்பு சர்க்கரைக் கரைசல்) என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒரு ஜூஸ் டப்பாவும் கொடுத்தார்கள். ஆரஞ்சு ருசி, உள்ளே ஸ்ட்ரா. பையன் ஆசையாகக் குடித்தானாம். ஞாயிற்றுக்கிழமை பேதி கூடிவிட்டது. தாய்ப்பால் கொடுத்தால் இன்னும் போகும் என்று நிறுத்தினார்கள். பக்கத்து பிளாக்கில் தொக்கம் எடுக்கிற, அதாவது வயிற்றில் சிக்கினதை எடுப்பதாகச் சொல்கிற ஒரு அம்மா இருக்கிறார், அங்கேயும் போய் வந்தார்கள். திங்கட்கிழமை லீவு போட்டால் ஞாயிறு சம்பளத்தையும் சேர்த்துப் பிடிப்பார்கள் என்று அம்மா வேலைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் அந்தப் பெண் குழந்தை என் வீட்டுக் கதவைத் தட்டி, "அத்தை, தம்பி கண்ணைத் திறந்துகிட்டே தூங்குறான்" என்றது. போய்ப் பார்த்தேன். உச்சிக்குழி பள்ளமாகக் கிடந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. ஆட்டோ பிடித்துப் போனோம், ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை, ராத்திரி போய்விட்டான்.

அப்புறம் அந்த வீட்டுக்குப் போனபோது டிவி மேலே நர்ஸம்மா கொடுத்துவிட்டுப் போன ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு பிரிக்காமல் இருந்தன. "அதுவும் ஓஆர்எஸ், இதுவும் ஓஆர்எஸ், கரைக்கிற வேலை இல்லைன்னு கடையில சொன்னாங்க அக்கா" என்றாள் அவன் அம்மா. ஆரம்ப சுகாதார நிலையம் எங்களுக்கு இரண்டு கிலோமீட்டர். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அரை மணி. தூரம் அவனைக் கொல்லவில்லை. அப்படியென்றால் எது கொன்றது என்று யாராவது சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். பிறப்பு இறப்பை மாதிரி எடுத்து அரசு போடுகிற 2020 மாதிரிப் பதிவுக் கணக்குப்படி ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பது தமிழ்நாட்டில் 13. இந்தியா முழுக்கப் பார்த்தால் 28. பிரசவத்தில் 99 சதவீதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் நடக்கிற மாநிலம் இது. தடுப்பூசி இலவசம், 108 இலவசம், பாக்கெட்டை வீட்டுக்கே வந்து கொடுத்திருக்கிறார்கள். இதற்கு மேல் அரசு வந்து வாயில் ஊற்றவா முடியும்? தொக்கம் எடுக்கப் போன நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும். படிப்பு இல்லை, விழிப்புணர்வு இல்லை. பிரச்சினை அங்கேதான்.

ஸ்டெத் எழுதியது:

கணக்குப்பிள்ளை சார், நான் குழந்தை மருத்துவர். இருபது வருஷமாக இந்தப் பேதியைப் பார்க்கிறேன். உங்கள் எண்ணில் தப்பில்லை, "படிப்பு இல்லை" என்பதில்தான் எனக்குத் தகராறு.

1971ல் வங்கதேசப் போர் நேரம். எல்லையில் பன்காவ் என்ற ஊரில் அகதிகள் லட்சக்கணக்கில் வந்து குவிந்திருக்கிறார்கள், காலரா. நரம்பில் ஏற்றுகிற சலைன் தீர்ந்துபோகிறது. திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் உப்பையும் குளுக்கோஸையும் சோடா உப்பையும் எடைபோட்டுக் கட்டி, டிரம்மில் தண்ணீரோடு கரைத்து வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். டம்ளரில் மொண்டு மொண்டு அவர்கள்தான் ஊற்றினார்கள். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அப்படி ஊற்றின தாய்மார் எத்தனை பேர் பள்ளிக்கூடம் போனவர்கள்? எது எவ்வளவு, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் பக்கத்தில் நின்று சொன்னார், அவ்வளவுதான்.

அடிபம்பு, உங்கள் கேள்விக்கு வருகிறேன். குடலில் உப்பு தனியாக உள்ளே போகாது, குளுக்கோஸ் கையைப் பிடித்துக்கொண்டுதான் போகும், பின்னாலேயே தண்ணீர் போகும். ஒன்றுக்கு ஒன்று சரியான அளவில் இருக்க வேண்டும். பாக்கெட்டில் இருப்பது 20.5 கிராம், அதில் குளுக்கோஸ் 13.5, உப்பு 2.6, மிச்சம் பொட்டாசியம், சிட்ரேட். ஒரு லிட்டர் தண்ணீருக்கு அது. ஜூஸ் டப்பாவில் சர்க்கரை இதைப்போலப் பல மடங்கு, உப்பு பேருக்கு. அவ்வளவு சர்க்கரை குடலுக்குள் போனால் உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்கு இழுக்கும். ஞாயிற்றுக்கிழமை பேதி ஏன் கூடியது என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஹைதராபாத்தில் சிவரஞ்சனி சந்தோஷ் என்ற குழந்தை மருத்துவர் எட்டு வருஷம் ஒண்டியாக மல்லுக்கட்டி, 2025 அக்டோபரில்தான் இந்த மாதிரி பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்ற எழுத்தே வரக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. அந்த அம்மா எழுத்தைப் படித்துத்தான் வாங்கியிருக்கிறாள் சார். படிக்கத் தெரிந்ததால் ஏமாந்தாள்.

அடிபம்பு எழுதியது:

டாக்டர், கடைசி வரி என்னை என்னவோ செய்துவிட்டது. அவள் பத்தாவது பாஸ்.

நர்ஸம்மா_ஓய்வு எழுதியது:

நான் நகர்ப்புற சுகாதார செவிலியராக இருந்து ரிட்டயர் ஆனவள். டிவி மேலே இருந்த பாக்கெட் மாதிரி ஆயிரம் பாக்கெட் நான் கொடுத்திருப்பேன். கொடுத்ததை ரிஜிஸ்டரில் எழுதுவோம், கரைத்துக் காட்டினோமா என்று ரிஜிஸ்டரில் காலம் கிடையாது. அதுதான் உண்மை.

விதிப்படி ஒரு செவிலியருக்குப் பத்தாயிரம் பேர், ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். காகிதத்தில் சரி. ஆனால் நகரத்து ஏழைகள் ஒரு இடத்தில் இருக்க மாட்டார்கள், இருக்க விடவும் மாட்டார்கள். கிராமத்து நர்ஸுக்கு எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரியும். எனக்கு இந்த மாதம் 40 கர்ப்பிணி என்று லிஸ்ட் இருந்தால் அடுத்த மாதம் அதில் எட்டு வீடு பூட்டியிருக்கும். வாடகை ஏறியது, வேறு தெரு. தலைப்பிரசவம், அம்மா வீடு திருவண்ணாமலை. பீகார்க்காரப் பெண் என்றால் சைட் மாறிவிட்டது, போன் நம்பர் கான்ட்ராக்டருடையது. ஊர் மாற்றி வந்த பெண்ணுக்குப் பிக்மி நம்பர், அதாவது கர்ப்பிணிப் பதிவு எண், பழைய இடத்தில் இருக்கும், அதை இங்கே மாற்றுவதற்குள் பிள்ளையே பிறந்துவிடும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதில் ஒவ்வொரு தவணையும் ஒரு பதிவோடு முடிச்சுப் போட்டிருக்கிறது, சாப்பிட வேண்டிய மாதத்தில் பணம் வராமல் பிள்ளைக்குப் பேர் வைத்த அப்புறம் வந்த கதைகள் எனக்கு நிறையத் தெரியும்.

இன்னொன்று சொல்கிறேன், வெளியே யாரும் சொல்லமாட்டார்கள். ஒன்றரை மாதத்து ஊசி போட்டால் அன்று ராத்திரி காய்ச்சல் வரும், பிள்ளை அழும். அடுத்த நாள் அம்மா வேலைக்குப் போக முடியாது. ஒரு நாள் கூலி போனால் அடுத்த ஊசிக்குக் கூப்பிடும்போது "அடுத்த வாரம் வர்றேன் நர்ஸம்மா" என்பாள். அந்த அடுத்த வாரம் வரவே வராது. நாங்கள் அதை "தடுப்பூசிக்குத் தயக்கம்" என்று ரிப்போர்ட்டில் எழுதுவோம். தயக்கம் இல்லை அது, கூலி. நான் கடைசி ஐந்து வருஷம் சனிக்கிழமை சாயங்காலம்தான் ஊசி போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை அழுதால் அப்பனும் வீட்டில் இருப்பான் என்று. மேலே இருந்து மெமோ வந்தது, புதன்கிழமை நாளாம் ஊசிக்கு. போகட்டும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நர்ஸம்மா, சனிக்கிழமை விஷயம் நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஜூஸ் டப்பா விஷயத்திலும் நான் அவசரப்பட்டுப் பேசிவிட்டேன். ஆனால் தொக்கம், கழுதைப்பால், சேனை வைப்பது இதையெல்லாம் என்ன சொல்வது? எங்கள் தெருவிலேயே "கழுதைப்பால், கழுதைப்பால்" என்று கூவிக்கொண்டு வருகிறார்கள், பச்சைப் பிள்ளைக்கு ஒரு சங்கு கறந்து அப்படியே ஊற்றுகிறார்கள். எங்கள் தெரு ஏழைத் தெருவும் இல்லை.

ஸ்டெத் எழுதியது:

நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள் சார், ஏழைத் தெருவும் இல்லை என்று. கழுதைப்பால் கார் வைத்திருக்கிற வீட்டிலும் ஊற்றுகிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு ராத்திரி வயிற்றோட்டம் வந்தால் காலையில் என்னிடம் இருக்கும். இந்த வீட்டுப் பிள்ளை திங்கட்கிழமை சாயங்காலம் வரும்.

ஆனால் பழக்கவழக்கத்தைப் பற்றிச் சொல்ல எனக்கும் ஒன்று இருக்கிறது. குளிப்பாட்டின பிறகு மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதைத் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் சளி அல்ல, வேறு மாதிரி நிமோனியா, மருந்துக்கு லேசில் அடங்காது. அப்புறம் மூச்சு எண்ணுவது. சட்டையைத் தூக்கிவிட்டு, பிள்ளை அழாமல் இருக்கும்போது, ஒரு நிமிஷம் முழுசாக வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, அதிலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40, இதைத் தொட்டாலோ தாண்டினாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்து உள்ளே இழுத்தாலோ மெடிக்கலுக்குப் போகாதீர்கள், நேரே ஆஸ்பத்திரி.

இன்னொரு விஷயம், பேதியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், அது ஒரு ஓரம்தான். நீங்கள் சொன்ன அதே 2020 கணக்கில் 13ல் 9 பிள்ளைகள் பிறந்து 28 நாளுக்குள் போனவர்கள். மாதம் நிறையாமல் பிறந்தது, எடை குறைவு, பிறந்ததும் மூச்சுத் திணறல், ரத்தத்தில் கிருமி. ஒன்றே முக்கால் கிலோவில் ஒரு பிள்ளை பிறக்கிறதென்றால் கதை அன்றைக்கு ஆரம்பிக்கவில்லை. அந்த அம்மாவுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டு கிராம்தான் இருந்திருக்கும், பதினெட்டு வயது இருந்திருக்கும், ஏழாம் மாதம் வரை நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்திருப்பாள். அந்தப் பிள்ளையைக் காப்பாற்றுகிற வேலை எங்களுக்கு நன்றாகவே தெரியும், தாயின் நெஞ்சோடு தோலுக்குத் தோல் படுக்கவைத்துக் கட்டிக்கொள்கிற கங்காரு முறை, 1978ல் கொலம்பியாவில் இன்குபேட்டர் பற்றாத ஒரு ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது, இன்றைக்கு நம் ஊர் அரசு ஆஸ்பத்திரிகளில் எல்லாம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் பிள்ளை நன்றாக எடை ஏறும். வீட்டுக்குப் போனதும் தகரக் கூரை, பத்துக்குப் பத்து அறை, ஆறு பேர், மாமனார் எதிரில் சேலையை விலக்கிக்கொண்டு எப்படிக் கட்டிக்கொண்டு உட்காருவாள்? டிஸ்சார்ஜ் சம்மரியில் "கங்காரு முறை தொடரவும்" என்று நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், எங்கே தொடர்வாள் என்று ரொம்ப நாள் கேட்டதில்லை.

வேலூர்க்காரன் எழுதியது:

எங்கள் ஊர்க் கதை ஒன்று. வேலூரில் கஸ்பா, சின்ன அல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம் என்று பீடி சுற்றுகிற ஏரியாக்கள். என் பெரியம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே சுற்றுவார். பீடி இலை வாசனையிலேயே வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். 2000க்குப் பிறகு சிஎம்சி மருத்துவக் கல்லூரியிலிருந்து ஆள் வந்து, பிறந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, வாரம் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்த்தார்கள், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மலத்தை டப்பாவில் எடுத்துப் போனார்கள். "எங்க புள்ள பீயில அப்படி என்னடா தங்கமா இருக்கு" என்று பெரியம்மா கேட்பாராம்.

பெரியவனாகி அந்த ஆராய்ச்சியை நானே தேடிப் படித்தேன். சிஎம்சி விஞ்ஞானி ககன்தீப் காங் குழு செய்தது, 2011ல் வெளிவந்தது. 373 பிள்ளைகளை மூன்று வருஷம் பின்தொடர்ந்திருக்கிறார்கள். ஆறு மாதம் முடிவதற்குள் பாதிக்கு மேல், 56 சதவீதம், பேதியை உண்டாக்குகிற ரோட்டா வைரஸ் தொற்றியாகிவிட்டது. மெக்சிகோவில் முன்பு செய்த ஆராய்ச்சியில் இரண்டு தடவை தொற்றினாலே கடுமையான பேதி திரும்ப வராது என்று கண்டிருந்தார்கள். எங்கள் ஏரியாவில் மூன்று தடவை தொற்றியும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். அப்புறம் வந்த நம் நாட்டு ரோட்டாவாக் சொட்டு மருந்தும், அதைச் சோதித்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று, முதல் வருஷத்தில் கடுமையான ரோட்டா பேதியை 56 சதவீதம்தான் தடுத்தது.

மருந்து மோசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதிக்குப் பாதி தடுத்தாலே எத்தனை வீட்டில் எழவு தப்பியது. 2017லிருந்து தமிழ்நாட்டில் ரோட்டா சொட்டு இலவசமாகக் கொடுக்கிறார்கள், கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் வசதியான நாடுகளில் 85, 90 என்று வேலை செய்கிற ரோட்டா சொட்டு, ஏழைத் தெரு வயிற்றில் பாதியாகிவிடுகிறது. பிறந்த நாள் முதல் ஏதாவது ஒரு கிருமி உள்ளே இருந்துகொண்டே இருக்கிற குடல் அது. சொட்டு மருந்தால் மட்டும் ஆகாது, தண்ணீர் மாற வேண்டும்.

குழாய்_மாஸ்டர் எழுதியது:

தண்ணீர் என்று ஒருத்தர் வாய் திறந்தாரே. நான் பிளம்பர், லைன் வேலை. தொட்டியில் தண்ணீர் நன்றாகத்தான் புறப்படும், அதில் குளோரின் இருக்கும், டெஸ்ட் பண்ணினால் பாஸ். கெடுவது வழியில். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு மணி நேரம் தண்ணீர் விட்டால் மிச்ச நேரமெல்லாம் பைப் காலி. காலி பைப்பில் எல்லாரும் மோட்டார் போட்டு இழுத்தால் உறிஞ்சும். பக்கத்திலேயே, சில இடத்தில் மேலேயே, சாக்கடை லைன் போகிறது. ஜாயிண்டில் ஒரு மயிரிழை இடுக்கு போதும், சாக்கடை உள்ளே வந்துவிடும். முதல் பத்து நிமிஷம் மஞ்சளாக, நாற்றமாக வருகிறதே, அதுதான். ஜனங்கள் அதைக் கொட்டிவிட்டுப் பிடிக்கிறார்கள். நாற்றம் போனதும் கிருமியும் போய்விட்டது என்று நினைப்பு.

லாரித் தண்ணீர் என்றால் இன்னும் வேடிக்கை. ஹோஸைக் கீழே சேற்றில் போட்டு இழுத்துக்கொண்டு வந்து அதே முனையை டிரம்முக்குள் விடுவான். அப்புறம் அந்த டிரம்மில் கையை விட்டு டம்ளரால் மொள்வது. நான் சொல்வது பெரிய விஞ்ஞானம் எல்லாம் இல்லை. வீட்டுக் குழாய் முனையில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்று கணக்கு. தொட்டியடியில் எடுக்காமல் கடைசி பிளாக் கடைசி வீட்டில் எடுத்துப் பாருங்கள். நாங்கள் ரிப்பேருக்குத் தோண்டுகிற இடமெல்லாம் ஒரே இடங்கள்தான், வருஷா வருஷம், அது எல்லாருக்கும் தெரியும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சரி, நான் போய் நைரோபி கணக்கு ஒன்றைத் தோண்டி எடுத்தேன், எனக்கு எண் கிடைத்தால்தான் தூக்கம் வரும். 2000ல் நைரோபி சேரிகளில் தனியாக ஒரு ஆய்வு செய்திருக்கிறார்கள். ஐந்து வயதுக்குள் இறக்கும் பிள்ளைகள், ஆயிரத்துக்கு, நைரோபி முழுக்க எடுத்தால் 60 சொச்சம். கென்யக் கிராமங்களில் 113. நைரோபி சேரிகளில் 150. கிராமத்தைவிட மோசம்! நகரம் என்று மொத்தமாகச் சராசரி போட்டபோது அது உள்ளேயே மறைந்து கிடந்திருக்கிறது. நம் நாட்டிலும் 2005–06ல் நடந்த மூன்றாவது குடும்ப நல ஆய்வில் சென்னை உட்பட எட்டு நகரங்களில் சேரி தனி, மற்றது தனி என்று பிரித்துப் பார்த்தார்கள்.

13 என்ற எண்ணை வைத்துக்கொண்டு முதலில் பேசியது நான்தான். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அடிபம்பு இருக்கிற பிளாக்கின் எண் அது இல்லை, அண்ணாநகரின் எண்ணும் இல்லை, இரண்டையும் ஒரே குண்டானில் போட்டுக் கலக்கினது.

ஆனாலும் குடியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, கவனித்தீர்களா?

பாத்திமா_தாராவி எழுதியது:

குடியைப் பற்றித் தனி இழை போடுங்கள் அண்ணே, இதில் இழுத்தால் விடிந்துவிடும்.

பூர்வீகம் திருநெல்வேலி, நாங்கள் மூன்று தலைமுறையாக மும்பை. 2022 அக்டோபரில் கோவண்டியில் தட்டம்மை வந்து பிள்ளைகள் இறந்தார்கள். குப்பை மலையை ஒட்டிய ஏரியா அது. நோய் பிடித்த பிள்ளைகளில் நிறையப் பேருக்கு ஊசியே போடவில்லை, கொரோனா இரண்டு வருஷத்தில் விட்டுப்போனது. அப்புறம் ஒன்பதாம் மாதம் வரை காத்திருக்காமல் ஆறு மாதத்திலேயே கூடுதலாக ஒரு ஊசி போட்டார்கள், மௌலவிகளை வைத்துப் பள்ளிவாசலில் அறிவிப்பு கொடுத்தார்கள். முன்பே கேட்டிருந்தாலும் அவர்கள் அறிவித்திருப்பார்கள், யாரும் கேட்கவில்லை. தட்டம்மை நேராகக் கொல்வது குறைவு, அம்மை இறங்கின பிறகு வருகிற நிமோனியாவும் பேதியும்தான் எடை குறைந்த பிள்ளையைக் கொண்டுபோகும். அம்மை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது, அம்மன் கோபிப்பாள் என்று நம் தமிழ் வீடுகளில் இன்றும் இருக்கிறது, வேப்பிலை கட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை, கட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கும் போங்கள்.

மூணாவதுமாடி எழுதியது:

நான் அதிகம் எழுதுகிறவள் இல்லை, தங்கச்சி டைப் பண்ணித் தருகிறாள். நானும் இந்த மாதிரி குடியிருப்புதான். நீங்கள் எல்லாரும் பெரிய பெரிய விஷயம் சொல்கிறீர்கள், எனக்கு ஒரு சந்தேகம். பிள்ளையைப் பகலில் யார் பார்த்துக்கொள்வது?

பால்வாடியில் இரண்டு வயசு ஆனால்தான் சேர்ப்பார்கள், அதுவும் மத்தியானத்துக்கு மேல் மூடிவிடுவார்கள். பழைய இடத்தில் இருக்கும்போது என் அம்மா, சித்தி, நாத்தனார் எல்லாம் ஒரே சந்து, யார் வீட்டிலாவது விட்டுவிட்டு வேலைக்கு ஓடுவேன், நடந்தே போகிற தூரத்தில் வேலை. இங்கே கொண்டுவந்து போட்டதில் சித்தி ஏழாவது பிளாக், அம்மா வேறு ஊரிலேயே. வேலை வீடு மாறவில்லை, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். காலையில் அஞ்சரைக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஏழு. என் பெரியவளுக்கு எட்டு வயசு, அவள்தான் சின்னவனுக்குப் பால் கரைத்துக் கொடுப்பாள், கழுவிவிடுவாள். அவள் பள்ளிக்கூடம் போகாத நாள் எத்தனை என்று டீச்சரைக் கேளுங்கள். எட்டு வயசுப் பிள்ளைக்கு உச்சிக்குழி பள்ளம் ஆனது எப்படித் தெரியும்? அந்த வீட்டுப் பெண் வந்து தட்டினதே பெரிய விஷயம்.

லீவு போட்டுக் காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓபிக்குப் போனால் மத்தியானம் ஒரு மணி ஆகும், "நாளைக்கு ரிசல்ட் வாங்க வா" என்பார்கள். நாளைக்கு என்றால் இன்னொரு லீவு. ராத்திரி எட்டு மணிக்குத் திறந்திருப்பது மெடிக்கலும், ஊசி போடுகிற டாக்டரும்தான். அதனால் அங்கே போகிறோம். புத்தி இல்லாமல் போகவில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அக்கா, மன்னிக்கவும்.

நர்ஸம்மா_ஓய்வு எழுதியது:

மூணாவதுமாடி சொன்னதைப் பிரிண்ட் எடுத்து ஒட்ட வேண்டும். ஆறு மாதப் பிள்ளையிலிருந்து சேர்த்துக்கொள்கிற, சாயங்காலம் ஏழு மணி வரை திறந்திருக்கிற ஒரு பிள்ளைக் காப்பகம் பிளாக்குக்கு ஒன்று இருந்தால் நான் கொடுத்த பாக்கெட்டில் பாதி அங்கேயே சரியாகக் கரைந்திருக்கும். சுகாதார நிலையம் ராத்திரி ஒன்பது மணி வரை இருந்தால் மிச்சப் பாதி. இதைக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன், "அது வேற டிபார்ட்மெண்ட் மேடம்" என்றார்கள்.

அடிபம்பு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. எது கொன்றது என்று கேட்டேன். சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து திங்கட்கிழமை சாயங்காலம் வரை ஐம்பது மணி நேரத்துக்கு மேல். அந்த நேரம் முழுக்க அவனைச் சுற்றி ஆள் இருந்திருக்கிறது, பாட்டி, அக்கா, கடைக்காரர், தொக்கம் எடுத்தவர், நான்கூட இரண்டு மாடிக்குக் கீழே. ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி எடுக்கப் போகும்போது அவன் அழுகிற சத்தம் கேட்டது, பல் முளைக்கிறது என்று பாட்டி சொன்னதைக் கேட்டுக்கொண்டு நானும் இறங்கி வந்துவிட்டேன். இதைத்தான் நாலு வருஷமாக எழுத முடியவில்லை.

சரி, இப்போது செய்கிற காரியம். இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பிளாக் கீழே, பிள்ளையார் கோயில் பக்கத்தில், ஓஆர்எஸ் கரைத்துக் காட்டலாம் என்று இருக்கிறோம். எட்டு வயது, ஒன்பது வயதுப் பெண் பிள்ளைகளையும் கூப்பிட்டிருக்கிறேன், பகலில் அவர்கள்தானே அம்மா. டாக்டர், அளவு மறுபடி ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

ஸ்டெத் எழுதியது:

பெரிய பாக்கெட் என்றால் முழுப் பாக்கெட், ஒரு லிட்டர் தண்ணீர், காய்ச்சி ஆறினது இருந்தால் நல்லது. 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் விற்கிறது, அதைப் பார்த்து வாங்குங்கள். பெரிய பாக்கெட்டில் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கரைக்கக் கூடாது, அளவு தப்பிவிடும். உப்புக் கூடினால் அது தனி ஆபத்து. கரைத்தது 24 மணி நேரம், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூனில் மெதுவாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. துத்தநாக மாத்திரை 14 நாள், ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10. பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும். கண் உள்ளே போனாலோ, குடிக்க முடியாமல் துவண்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ காத்திருக்க வேண்டாம், 108.

மூணாவதுமாடி எழுதியது:

ஒரு லிட்டருக்கு எங்கள் வீட்டு சில்வர் சொம்பு சரியாக இருக்குமா?

அடிபம்பு எழுதியது:

இருக்காதும்மா. எங்கள் வீட்டுச் சொம்பை நேற்று அளந்து பார்த்தேன், கழுத்து வரை ஊற்றினாலும் முக்கால் லிட்டர்தான் பிடிக்கிறது. கடையில் விற்கிற ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் காலியானது ஒன்று கழுவி எடுத்து வாருங்கள். இல்லாவிட்டாலும் வாருங்கள், குழாய் மாஸ்டர் இருபது பாட்டில் சேர்த்து வைத்திருக்கிறார். ஆறு மணிக்கு. பெரியவளையும் கூட்டி வாருங்கள்.